மூன்றாம் நம்பர் கேட்டில் ஒரு பாய்மரப் படகு

அன்றைக்கு இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு விசாரித்தபோது ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். என் தம்பி அந்தப் பக்கமே வரவில்லை என்றான். இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். என் தம்பி, காருக்குள் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் இருந்தான். லாரி டிரைவர், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். தம்பி வேலை பார்க்கிற கம்பெனியின் மூன்றாம் நம்பர் கேட்டில் ஒரு செக்யூரிட்டி. உள்ளே ஸ்டோர்ஸில் ஒரு சார். வருகிற சரக்கைச் சோதிக்கிற குவாலிட்டிப் பெண் ஒருத்தி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவர்; முதுகைத்தான் பார்த்தேன். சாயங்காலம் கோவளத்தில் படகுத்துறைக்காரர். ஆக ஒன்பது பேர். பத்தாவதாக எங்கள் குடும்பப் படகு.

படகு என்றதும் மீன்பிடிப் படகு என்று நினைத்துவிட வேண்டாம். பதினாலு அடி நீளம், ஃபைபர், நடுவில் ஒரு கம்பம், அதில் ஒரு பாய். காற்றில் போகும். மீன் பிடிக்காது, மூட்டை ஏற்றாது, தெப்பத்துக்கும் ஆகாது. காசுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மா போய்விட்டு வருவதற்குச் செய்த சாமான். கடலே இல்லாத எங்கள் வடக்குப்பட்டுப் பக்கம் அது எப்படி வந்தது என்றால், கம்பெனி மூடியதால் வந்தது.

என் வீட்டுக்காரர் பதினாலு வருஷம் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருந்தார். ஒருநாள், இனிமேல் இங்கே கார் செய்வதாக இல்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். செட்டில்மென்ட் பணம் வந்தது. அதே வாரம் அந்தக் கம்பெனியின் வெளிநாட்டு மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது சாமான்களை விற்றார். சோபா, துணி துவைக்கிற மெஷின், நாய்க்கூண்டு, பாய்மரப் படகு. மற்றவர்கள் சோபாவையும் மெஷினையும் பார்த்தார்கள். இவர் படகைப் பார்த்தார். கம்பெனியில் இருக்கும்போதே அதற்கு இரண்டு முறை பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். கூலி வாங்காத வேலை மனசில் நிற்கும் போல.

நீ எப்படிம்மா சம்மதித்தாய் என்று சொந்தத்தில் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். படித்த பெண்டாட்டியாக இருந்தால் தடுத்திருப்பாளாம். உண்மையைச் சொல்கிறேன். எனக்கு வெள்ளத்தின் மேல் பயம். 2015இல் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தபோது என் பெரியம்மா மகள் மணப்பாக்கத்தில் மொட்டை மாடியில் இரண்டு நாள் நின்றாள். எங்கள் ஊர் மேடு, தண்ணீர் எங்களிடமிருந்து போகுமே தவிர எங்களிடம் வராது. அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் பயம் போய்விடுமா? வாசலில் ஒரு படகு நின்றால் நல்லதுதானே என்று தலையாட்டினேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: படகு என் பேரில் இருக்க வேண்டும். அவரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டால் பேர் மாற்றுவதற்கு நான் எந்த ஆபீஸில் போய் நிற்பது?

மூன்று வருஷம் அது எங்கள் ஊர் ஏரியில் ஓடியது. இடுப்பளவு தண்ணீர். நானும் மகளும் ஏறுவோம். நான் மிதவைச் சட்டையைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கழற்றுவேன். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு நானும் அவரும் மட்டும். கம்பம் நிற்கிற இடத்தில் கிர்ரென்று ஒரு சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "காதுல எண்ண ஊத்திக்கோமே" என்பார்.

பிறகு ஏரிக்குக் கிழக்கே ஒரு குடோன் எழும்பியது. நாலு பனைமர உயரம். மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கமிருந்து வருகிற காற்று அதில் முட்டித் திரும்பிப் போனது. பாய் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. எங்கள் பக்கம் நிலத்தை எடுத்தால் நஷ்டஈடு உண்டு, கிணற்றுக்கு உண்டு, தென்னை ஒன்றுக்கு இவ்வளவு என்று உண்டு. காற்றுக்கு இல்லை. இவர் ஆபீஸில் போய்க் கேட்டார். "காத்து உன் பட்டாவுலயா கீது?" என்று கேட்டார்களாம். அடுத்த மாதம் ஏரிக்கரையில் படகு விடத் தடை என்று ஒரு போர்டும் வைத்தார்கள். அந்த ஏரியில் இருந்தது ஒரே ஒரு படகு. போர்டுக்குச் செலவு செய்யாமல் எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்களே எடுத்துக்கொண்டு போயிருப்போம்.

ஆனால் படகு எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலை அவர்தான். கம்பெனி மூடி மூன்று வருஷம் ஆகியும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டோரம் போய் நிற்பார். எந்தக் கம்பெனி பஸ்ஸும் அவருக்காக நிற்காது. எல்லாம் போன பிறகு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வருவார், பாலுக்காகத்தான் போனவர் மாதிரி. வேறு இடங்களில் வேலை கேட்டார். நாற்பத்தாறு வயசு என்றதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். எங்களுக்கு ஐந்து ரூம் வாடகை வருகிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை. ரூமில் இருக்கிற பையன்கள் ஷிஃப்டுக்குப் போகும்போது இவர் திண்டாடுவதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்போதுதான் கோவளத்தில் உப்பங்கழி ஓரம் படகுத்துறை வைத்திருக்கிற ஒருவர், பாய்மரப் படகோடு ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். மாதச் சம்பளம், படகுக்குத் தனி வாடகை, திங்கட்கிழமை லீவு. இவரை வரவழைத்துத் தன் படகில் ஓட்டிப் பார்த்தார். ஆள் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் படகு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் பாண்டிச்சேரியிலிருந்து இன்னொருவர் படகோடு காத்திருக்கிறார், அவரை எடுத்துக்கொள்வேன் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் எழுதுகிறேன்.

என் தம்பி வல்லம் வடகாலில் பம்பர் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட். முந்தின நாளே வந்து, "பேப்பர் இன்னா வச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

"நம்ம படகு, நாம எடுத்துக்கினு போறோம். இன்னாத்துக்குடா பேப்பரு?"

"க்கா, ஒரகடம் ரோட்ல பேப்பர் இல்லாம பொணம் கூடப் போவாது. லாரியில சரக்கு கீதா, சலான் வேணும். நிறுத்திட்டான்னா பொழுதுக்கும் அங்கயே நிக்க வேண்டியதுதான்."

இதைக் கேட்டதும் நீயே ஏதாவது செய்டா என்று கெஞ்சினேன். ஆக முதல் தப்பு என்னுடையது. அவன் தன் கம்பெனியின் டெலிவரி சலான் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து அழகாக நிரப்பினான். அனுப்புபவர்: என் பேர். பொருள்: ஃபைபர் பாடி, ஒன்று. நோக்கம்: வேலைக்காக. பெறுபவர் என்ற இடத்தில் அவனுடைய கம்பெனி முகவரி ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதை அடித்தால் சலான் செல்லாது என்று விட்டுவிட்டான். "போலீஸ் கேட்டா காட்டத்தானே" என்றான். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான். மனுஷனுக்கு ஐடி கார்டு, சரக்குக்குச் சலான். பேப்பர் கையில் இருந்தால் போதும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த ஷிஃப்டின் பாடு.

காலையில் படகை லாரியில் ஏற்றிக் கட்டினோம். கம்பம் பின்னால் ஆறடி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் என் பழைய சிவப்பு ஜாக்கெட்டைக் கட்டினார்கள். நாங்கள் மூன்று பேரும் தம்பியின் காரில் முன்னால் போனோம். அதுவும் என்னால்தான். வழியில் தாழ்வான கரண்டு கம்பி, பாலம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அந்த ரோட்டில் கார்களை மாடி மாடியாக அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் தினம் போகின்றன. எங்கள் படகு டிரைவர் தலை உயரம்தான் இருந்தது. இருந்தாலும்.

படப்பையில் டீ குடித்துவிட்டுக் காத்திருந்தோம். லாரி வரவில்லை. அரை மணி நேரம் ஆனது. என் வீட்டுக்காரர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணாச்சி, நான் அப்பமே வந்து சேந்துட்டேம்லா" என்றார் டிரைவர்.

"கோவளத்துக்கா?"

"கோவளமா? இல்ல அண்ணாச்சி, சலான்ல போட்டிருக்க எடத்துக்கு. மூணாம் நம்பர் கேட்டு. எடை போட்டாச்சு, ஃபோர்க்லிஃப்ட்ல எறக்கியாச்சு. கையெழுத்துப் போட்ட காப்பி நம்மகிட்ட பத்திரமா இருக்கு."

"யோவ், கோவளம்னு வாயால சொன்னேனே."

"வாயால ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாக, அண்ணாச்சி. போன மாசம் ஒருத்தரு வாயச் சொல்லக் கேட்டுப் போயி மூணு நாளு பேட்டா போச்சு. பேப்பர்ல என்ன இருக்கோ அங்கதான் எறக்கணும்னு மொதலாளி சொல்லிட்டாரு."

அது தம்பியின் கம்பெனி. அவன் அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டிருந்தான்.

டிரைவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வல்லம் வடகாலுக்குத் திரும்பினோம். நெல் விளைந்த இடத்தில் இப்போது வரிசையாக ஷெட்டுகள். எது எந்தக் கம்பெனி என்று கேட்டு நம்பரை வைத்துத்தான் தெரியும். தம்பி காரைத் தள்ளி நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டான். "நான் இங்க இல்ல க்கா. நீங்க ரெண்டு பேரும் போங்க."

செக்யூரிட்டி என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "சலான்ல யாரு பேரு கீதோ அவங்கதான் உள்ள போவணும். இவரு யாரு?"

"வீட்டுக்காரரு."

"வீட்டுக்காரருக்கு எங்ககிட்ட ஃபார்ம் இல்லம்மா. சப்ளையர், விசிட்டர், கான்ட்ராக்ட் லேபர், மூணுதான்."

ஆகவே நான் சப்ளையர் ஆனேன். ஆதார் நகல், போட்டோ, கழுத்தில் பட்டை. செருப்போடு போகக் கூடாது என்று இரும்பு முனை வைத்த ஷூ கொடுத்தார்கள். ஒன்பதாம் நம்பர் சைஸ். என் கால் அதற்குள் தனியாக நடந்தது. மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடங்கள் என்றார்கள். நான் வாழ்க்கையில் கோட்டைத் தாண்டி நடந்தவளில்லை, ஆனால் அந்த ஷூ தாண்டியது.

எங்கள் படகு பம்பர் அடுக்குகளுக்கு நடுவில், பலகைகளின் மேல், மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை நல்ல வெளிச்சத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. ஸ்டோர்ஸ் சாரிடம் போய், தவறுதலாக வந்துவிட்டது, எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் நல்ல மனுஷர். ஒரு நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டிய விஷயம் போல.

"சிஸ்டத்துல ஏறிடுச்சும்மா. ஏறுனது எறங்கணும்னா மூணே வழிதான். ஒண்ணு, லைன்ல போட்டு யூஸ் பண்ணணும்."

"காருக்குப் படகை எப்படி சார் மாட்டறது?"

"அதான் முடியாதுன்றேன். ரெண்டு, சலான் எழுதுன ஆளு கையெழுத்துப் போட்டு ரிட்டர்ன் எடுக்கணும். அவன் இன்னைக்குக் காய்ச்சல்னு லீவு. தம்பி நல்ல பையன்தான், ஒடம்புதான் அடிக்கடி முடியாமப் போயிடுது."

"மூணாவது வழி?"

"குவாலிட்டி ரிஜெக்ட் பண்ணணும். ரிஜெக்ட் ஆன சரக்குக்கு இங்க ஒரு மணி நேரம்கூட எடம் கிடையாது. ஒடனே வெளிய."

பதினாலு வருஷம் வேலை பார்த்த மனுஷன் வெளியே வந்ததும் அதே வேகத்தில்தான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. ஒரு மணி வரை யாரும் இல்லை. நானும் படகும்தான். ஆறு மணி, ஆறு மணி என்று எனக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. பாண்டிச்சேரிக்காரர் இப்போது எங்கே வந்திருப்பார், மரக்காணம் தாண்டியிருப்பாரா? மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ரோட்டோரம் நிற்பது கண்ணெதிரே தெரிந்தது.

குவாலிட்டிப் பெண் வந்தாள். இருபத்து மூன்று வயசு இருக்கும், விருதுநகர்ப் பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாளாம். அவளுக்கு மேலே இருப்பவர்கள் எல்லாம் ஏதோ ஆடிட்டில் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒரு சிவப்புச் சீட்டு எழுதிக் கொடும்மா, போய்விடுகிறேன் என்றேன்.

"சும்மா எப்படிக்கா ரிஜெக்ட் பண்றது? காரணம் எழுதணும். நான் பாத்துத்தான் எழுதணும். பொய்யா எழுதினா என் வேலை போயிரும்."

"கொறை இருந்தா எழுதுவியா?"

"இருந்தா எழுதுவேன்க்கா."

மூன்று வருஷமாக அந்தப் படகைப் பற்றி நான் கவலைப்பட்டு வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் ஒருத்தி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். உட்காருகிற பலகை ரொம்பத் தாழ்வு என்றேன். அளந்துவிட்டு, ஒப்பிடுவதற்கு டிராயிங் இல்லை என்றாள். ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னொரு பக்கம் தூக்குகிறது என்றேன். யோசித்தாள். பிரேக் இல்லை என்றேன்.

"பிரேக் இல்லங்கிறது டிசைன் விஷயம்க்கா. அது எங்க கைல இல்ல."

கடைசியாக, கம்பம் நிற்கிற குழியில் கிர்ரென்று சத்தம் கேட்கிறது என்றேன். அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தாள். குழியைச் சுற்றிக் காசால் தட்டிக்கொண்டே வந்தாள். டக், டக், டக் என்று வந்தது ஒரு இடத்தில் தொப்பென்றது. திரும்பத் தட்டினாள். தொப். கத்தி முனையால் மேல் பெயின்ட்டைச் சுரண்டினாள். கீழே புட்டி. புட்டிக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"அக்கா, இது நெசமாவே உடைஞ்சிருக்கு. காத்து பலமா அடிச்சா கம்பம் புடுங்கிட்டுப் போயிரும். யாரோ புட்டி போட்டு மறைச்சிருக்காங்க. நல்ல கைவேல."

எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கவலை ஒன்று சரியாக இருந்திருக்கிறது. அவள் சிவப்புச் சீட்டை நிரப்பினாள். வெடிப்பின் நீளம், இடம், மறைக்கப்பட்டது என்பது வரை எழுதினாள். சப்ளையர் கையெழுத்து என்ற இடத்தைக் காட்டினாள். போட்டால் படகு வெளியே வரும். ஆனால் உடைந்த படகு என்று எழுத்தில் வரும். கோவளத்துக்காரர் அதைப் படித்தால் வேலை போச்சு. போடாவிட்டால் படகே போகாது, அப்படியும் வேலை போச்சு. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போடுங்கக்கா, ரெண்டரை மணிக்கு மேல கேட் பாஸ் நிறுத்திருவாங்க" என்றாள். போட்டேன். சீட்டைக் கிழித்து எறிந்துவிடலாமென்று ஒரு எண்ணம் இருந்தது. அதையும் அவர்கள் முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். ரிஜெக்ட் ஆன சரக்கு மறுபடி நல்ல சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்று, அவள் பிரஷை எடுத்து படகின் பக்கவாட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

வெளியே என் வீட்டுக்காரர் செக்யூரிட்டியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ ஹாரன் ஊத, அவர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். அப்போதுதான் படகை மறுபடி ஏற்றிக்கொண்டு லாரி வெளியே வந்தது. படகைப் பார்த்தார். சிவப்புக் குறியைப் பார்த்தார். அருகில் போய், "பெயின்ட் ஒழுகியிருக்குது பாரு. தின்னர் ஜாஸ்தி" என்றார்.

நான் சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தக் குழி ஒடைஞ்சிருக்குது. தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"போன தையிலேர்ந்து."

"கிர்ருங்குது கிர்ருங்குதுன்னு அடிச்சிக்கினேனே. காதுல எண்ண ஊத்திக்கோன்ன."

"ஏரியில இன்னாமே. எழுந்து நின்னா இடுப்பு மட்டும்தான் தண்ணி."

"கோவளத்துல?"

டிரைவர் கம்பத்தின் கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, இந்தத் தடவ எடத்த எழுதிக் குடுத்துருங்க" என்றார். கேட் பாஸின் பின்பக்கத்தில் கோவளம் என்று எழுதி, டிரைவர் கேட்டதற்காகக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

வண்டலூர் போகிற வழியில் ஷிஃப்ட் விட்ட பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்துவிட்டன. நின்று நின்று போனோம். தம்பிதான் சொன்னான்.

"மாமா, டிக்கில டச்-அப் டின்னு கீது. வெள்ளை. ஓரமா நிறுத்தி அடிச்சிட்டா ஒண்ணும் தெரியாது. குழிக்கும் நீ போட்ட புட்டி மாதிரி ஒரு கோட்டிங். சீட்டை அக்கா பையில வச்சிக்கட்டும்."

அவர் லாரியை நிறுத்தச் சொன்னார். டின்னையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு போய் மேலே ஏறினார். நான் காருக்குள் இருந்தே பார்த்தேன். அடிக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. அடி என்று சொல்லவும் வரவில்லை. டின்னைத் திறந்து, கலக்கி, பிரஷைத் தோய்த்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டின்னை மூடிவிட்டு இறங்கி வந்தார்.

"இன்னா மாமா?"

"காயாது. ஈரத்தோட கொண்டு போனா இன்னும் அசிங்கம்."

வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. பெயின்ட் ஷாப்பில் பதினாலு வருஷம் இருந்தவர் காயாது என்று சொன்னால் காயாது.

கோவளம் சேர்ந்தபோது ஆறு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது. பாண்டிச்சேரிக்காரரின் படகு ஏற்கெனவே வந்து கரையில் நின்றது, நீல நிறம், பளபளவென்று. படகுத்துறைக்காரர் லாரியைச் சுற்றி வந்தார். பெரிய உடம்பு, கட்டம் போட்ட கைலி, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில்.

"இது இன்னா பெருக்கல் குறி?"

"அது ஒண்ணுமில்ல சார், கம்பெனி மார்க்கு" என்றான் தம்பி.

சீட்டு என் கைப்பையில் இருந்தது. அப்போது என் வீட்டுக்காரர், "இல்ல சார். கம்பம் ஊனுற குழியில வெடிப்பு. அதுக்குப் போட்டது" என்றார்.

நான் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி எழுத்து வரை படித்தார்.

"புட்டி போட்டு மறைச்சது யாரு?"

"நான்தான் சார்."

"வந்து சொல்லாம இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது." சீட்டைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று. "இதைத் தண்ணியில எறக்காத. புள்ளைங்க ஏறுற எடம். ஷெட்ல போடு. பத்து நாள் டைம். குழியை அறுத்தெடுத்துட்டுப் புதுசா கட்டு. சம்பளம் அதுக்கப்புறம்தான், முன்னாடி கேக்காத."

"அவரு?" என்று என் வீட்டுக்காரர் நீலப் படகைக் காட்டினார்.

"ஒரு கொறையும் இல்லன்னு சொல்றான். நாளைக்குக் காலைல வந்து அவன் படகையும் நீ தட்டிப் பாரு."

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கோவளம் போகிற பஸ்ஸுக்குப் போனார். அன்றைக்கு அவர் பால் வாங்கவில்லை, நான்தான் போய் வாங்கினேன். பத்து நாளில் குழியைப் புதிதாகக் கட்டினார். சிவப்புக் குறியை மட்டும் இரண்டு மாதம் அழிக்காமல் வைத்திருந்தார். ஏறுகிறவர்கள் கேட்டால் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றினார். நாலு பேர் ஏறாமல் திரும்பிப் போனார்களாம். படகுத்துறைக்காரர் திட்டின பிறகுதான் வெள்ளை அடித்தார். நான் இன்னும் ஏறவில்லை. அங்கே எழுந்து நின்றாலும் கால் எட்டாது என்று கேள்வி.

பம்பர் கம்பெனி என்னை விடவில்லை. ஒரு முறை சிஸ்டத்தில் ஏறிவிட்ட சப்ளையரை இறக்குவதற்கு அவர்களிடம் வழி எதுவும் இல்லையாம். மறு மாதம் ஒரு கடிதம் வந்தது. நான் அனுப்பிய பொருளில் குறை இருந்ததால், அந்தக் குறை ஏன் வந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒரு ஃபார்ம் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டு ஒரு கட்டம், அந்தப் பதிலுக்கு ஏன் என்று இன்னொரு கட்டம், இப்படி ஐந்து கட்டம். பரீட்சை எழுதி முப்பது வருஷம் ஆகிறது. உட்கார்ந்து எழுதினேன். ஏன் உடைந்த பொருள் வந்தது? புட்டி போட்டு மறைத்ததால். ஏன் மறைத்தார்? படகு உடைந்தது என்று தெரிந்தால் அதுவும் போய்விடும் என்று பயந்ததால். ஏன் பயந்தார்? அதற்கு முன்னால் வேலை போனதால். ஏன் போனது? அந்தக் கட்டத்தையும் அடுத்ததையும் காலியாக விட்டு அனுப்பினேன். விவரம் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது.

கூடவே ஒரு பில்லும் வந்தது. எடை போட்டதற்கு, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு, காசால் தட்டியதற்கு, சிவப்புப் பெயின்ட்டுக்கு எல்லாம் சேர்த்து நாலாயிரம். அதன் மேல் பதினெட்டு சதவீதம் வரி. தம்பி கட்டிவிடாதே க்கா, கட்டினால் சலான் யார் எழுதினது என்று தோண்டுவார்கள் என்கிறான். என் வீட்டுக்காரர் கட்டிவிடு, அந்தப் பொண்ணு தட்டின தட்டுக்கே அது தகும் என்கிறார். மாதா மாதம் நினைவூட்டிக் கடிதம் வருகிறது. போன வாரக் கடிதத்தில் சப்ளையர்கள் கூட்டத்துக்கு மதியச் சாப்பாட்டோடு அழைப்பும், அதன் கீழே என் பேரில் நிற்கிற பாக்கியும் இருந்தன: நாலாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.